மாலை இதழின் தூரிகை: வில்லார்ட் மல்லினும் விளையாட்டுக் கார்ட்டூனின் காலமும்

அமெரிக்க நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1960களின் நடுப்பகுதி வரை ஒரு தனி வேலை இருந்தது. ஆசிரியர் குழுவில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஓர் ஓவியர், வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள், முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றியோ வரப்போகும் குத்துச்சண்டையைப் பற்றியோ பெரிய அளவில் ஒரு படம் வரைந்து கொடுப்பார். பக்கத்தின் தலைப்பகுதியில் பல பத்தி அகலத்துக்கு அது அச்சாகும். அரசியல் கார்ட்டூனிஸ்டுகளைப் பற்றி நூல்கள் பல உள்ளன. இவர்களைப் பற்றிய எழுத்து குறைவு. இவர்களில் முதன்மையானவராகக் கருதப்படும் வில்லார்ட் மல்லினின் (1902–1978) பணிவாழ்க்கையை முன்வைத்து, இந்த வேலை எப்படி உருவானது, ஏன் மறைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புகைப்படமும் தொலைக்காட்சியும் வந்ததால் ஓவியர் வெளியேறினார் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விடை. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த விடை போதவில்லை.

மல்லினுக்கு முன்

தொடக்கத் தலைமுறையினரின் பெயர்கள் வேறு காரணங்களுக்காகவே இன்று நினைவில் இருக்கின்றன. எளிய வேலையைச் செய்யச் சிக்கலான இயந்திரங்களைக் கற்பனை செய்து புகழ்பெற்ற ரூப் கோல்ட்பர்க், 1904இல் சான்பிரான்சிஸ்கோவில் விளையாட்டுக் கார்ட்டூனிஸ்டாகத் தொடங்கியவர். 1907இல் நியூயார்க்கின் ஈவினிங் மெயிலுக்கு வந்தார். 'நம்பினால் நம்புங்கள்' வகைத் துணுக்குகளால் உலகமெங்கும் அறியப்பட்ட ராபர்ட் ரிப்ளியும் விளையாட்டுப் பக்க ஓவியர்தான். 1918 டிசம்பர் 19 அன்று நியூயார்க் குளோப் இதழுக்கு வரையச் செய்தி எதுவும் அகப்படாத நிலையில், விசித்திரமான விளையாட்டுச் சாதனைகள் சிலவற்றை ஒரே படத்தில் அடுக்கிக் கொடுத்தார். அவருடைய நெடுந்தொடர் அங்கே பிறந்தது. அமெரிக்க நாளிதழ்களில் வெற்றிபெற்ற முதல் அன்றாடச் சித்திரத் தொடர் என்று பலரும் ஏற்கும் பட் ஃபிஷரின் 'ஏ. மட்' 1907 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிளின் விளையாட்டுப் பக்கத்தில்தான் வெளியானது. அன்றைய குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரைமேல் பணம் கட்டுவது என்று தடுமாறும் ஆளே அதன் நாயகன்.

இந்தப் பெயர்களில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. கோல்ட்பர்கின் ஈவினிங் மெயில், ரிப்ளியின் குளோப், குத்துச்சண்டைப் படங்களுக்குப் பேர்போன ராபர்ட் எட்கிரன் வரைந்த ஈவினிங் வேர்ல்ட், டாட் டோர்கன் பணியாற்றிய ஈவினிங் ஜர்னல் ஆகிய நான்குமே மாலை நாளிதழ்கள். கிரானிக்கிள் மட்டும் காலை இதழ். இந்த ஒற்றுமைக்குத் தரப்பட வேண்டிய கவனம் இதுவரை தரப்படவில்லை. இதன் பொருள் பின்னர் விரிவாகப் பார்க்கப்படும்.

பெயர்ப்பலகையிலிருந்து பத்திரிகைக்கு

மல்லின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தார். அங்கே ஒரு பெரிய கடையில் விளம்பரப் பலகைகளுக்கு எழுத்து வரைவது அவருடைய முதல் வேலை. 1923இல் லாஸ் ஏஞ்சலஸ் ஹெரால்ட் இதழில் சேர்ந்தார். 1934இல் நியூயார்க் வந்து ஸ்கிரிப்ஸ்-ஹோவர்ட் நிறுவனத்தின் வேர்ல்ட்-டெலிகிராமில் இடம்பெற்றார். 1931இல் இரண்டு இதழ்கள் இணைந்து உருவான மாலைப் பத்திரிகை அது. 1950இல் சன் இதழும் அதனுடன் சேர்ந்தது. அந்த இதழ் 1966இல் நிற்கும்வரை, 30 ஆண்டுகளுக்கு மேல், மல்லினின் படம் அதன் விளையாட்டுப் பக்கத்தின் அடையாளமாக இருந்தது. அதே நிறுவனத்தின் பிற நகர இதழ்களும் பேஸ்பால் ஆர்வலர்களின் வார ஏடான ஸ்போர்ட்டிங் நியூஸும் அவர் படங்களை வெளியிட்டன.

அவருக்கு முன்பு பரவலாக இருந்த அமைப்பு ஏறக்குறைய மாறாத ஒன்று. நடுவில் வீரரின் முகம், புகைப்படத்தைப் பார்த்து நுணுக்கமாக வரையப்பட்டிருக்கும். அதைச் சுற்றிக் குட்டி உருவங்கள் துள்ளும். அவற்றின் வாயிலிருந்து சிறுசிறு வசனங்கள் வரும். பார்வை எங்கே தொடங்கி எங்கே முடிவது என்ற ஒழுங்கு அந்தப் படங்களில் பெரும்பாலும் இல்லை. மல்லினின் சிறந்த படங்களில் ஒரே ஒரு பெரிய உருவம் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மட்டையைச் சுழற்றி முடித்த உடலின் முறுக்கு, தளத்தை நோக்கிச் சறுக்குபவனின் நீண்ட கால், எதிராளியின் குத்து இறங்கிய கணத்தில் தளரும் முழங்கால் என உடல் எடையின் ஓட்டம் ஒரே கோட்டில் தெரியும். அந்த அசைவு தேர்ந்த உடற்கூற்று அறிவிலிருந்து வந்தது. அஞ்சல்வழி ஓவியக் கல்வி நடத்திய ஃபேமஸ் ஆர்டிஸ்ட்ஸ் பள்ளி தன் கார்ட்டூன் பாடத்துக்கான வழிகாட்டிக் குழுவில் மில்டன் கேனிஃப், அல் கேப், கோல்ட்பர்க் ஆகியோருடன் மல்லினையும் சேர்த்தது இதன் காரணமாகத்தான் இருக்க வேண்டும்.

தேசியக் கார்ட்டூனிஸ்டுகள் சங்கம் 1954ஆம் ஆண்டுக்கான ரூபென் விருதை அவருக்கு வழங்கியது. கோல்ட்பர்கின் பெயரால் அமைந்த அந்த விருது, அந்தத் தொழிலில் இருந்த மிக உயர்ந்த மதிப்பு. 1971இல் அதே சங்கம் அவரை நூற்றாண்டின் விளையாட்டுக் கார்ட்டூனிஸ்ட் என்று அறிவித்தது. நூற்றாண்டு முடிய 29 ஆண்டுகள் மீதமிருந்தபோதே அப்படி அறிவிக்க முடிந்தது என்றால், அந்தக் கலைக்கு இனி வேறொருவர் வரமாட்டார் என்பது தொழிலில் இருந்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

புரூக்ளினின் நாடோடி

மல்லினின் பெயரை நிலைநிறுத்தியது ஒரு கதாபாத்திரம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 1930களில் தோல்விக்கும் கோமாளித்தனத்துக்கும் பெயர்போனது. 1937இல் எட்டு அணிகள் கொண்ட லீக்கில் 62 வெற்றி, 91 தோல்வியுடன் ஆறாம் இடம். அந்த ஆண்டு ஆட்டம் பார்த்துவிட்டு வாடகைக் காரில் ஏறிய மல்லினிடம், நம்ம 'பம்'கள் இன்றைக்கு என்ன செய்தார்கள் என்று ஓட்டுநர் விசாரித்தாராம். வேலைவெட்டி இல்லாமல் தெருவில் திரிபவனைக் குறிக்கும் வசைச்சொல் அது. மல்லின் மறுநாளே அதற்கு உருவம் கொடுத்தார் என்பது தோற்றக்கதை. சவரம் காணாத முகம், ஒட்டுப்போட்ட கோட்டு, நசுங்கிய தொப்பி, வாய்க்கோடியில் அணைந்த சுருட்டு, அடிப்பகுதி பிளந்த காலணி என அந்த ஆள் 20 ஆண்டு அணியின் முகமாக வாழ்ந்தான்.

இந்தக் கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. பத்திரிகையாளர்கள் தங்கள் படைப்புகளுக்குச் சொல்லும் பிறப்புக் கதைகளில் வாடகைக் கார் ஓட்டுநர்கள் அடிக்கடி வருகிறார்கள். ஆனாலும் கதையின் உட்கிடை நம்பத்தக்கது. அணியின் ஆதரவாளர்கள் ஆதங்கத்தோடும் உரிமையோடும் ஏற்கெனவே வழங்கிவந்த வசையை மல்லின் எடுத்துக்கொண்டார். சொந்தப் பிள்ளையைத் திட்டும் தொனி அதில் இருந்தது. பெருமந்தத்தின்போது வேலையிழந்து ரயிலேறி ஊர் ஊராகத் திரிந்தவர்களைக் கண்ணால் கண்ட வாசகர்களுக்கு அந்த உடை அந்நியமாகவும் இல்லை. புரூக்ளின் 1898 வரை தனி நகரம். நியூயார்க்கோடு இணைக்கப்பட்டபின் மன்ஹாட்டனின் நிழலில் வாழ்ந்த பகுதி. அதே நியூயார்க்கின் செல்வாக்குள்ள யாங்கீஸ் அணிக்கு எதிரே கந்தல் கோட்டு நாடோடியை நிறுத்தியதில் அந்தப் பகுதியின் மனநிலை முழுவதும் இருந்தது.

உருவம் நிலைத்ததற்கு ஆட்டங்களின் போக்கும் துணைசெய்தது. டாட்ஜர்ஸ் 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வேர்ல்ட் சீரீஸ் இறுதிப் போட்டிவரை சென்று ஐந்திலும் யாங்கீஸிடமே தோற்றது. 1941 தொடரின் நான்காவது ஆட்டத்தில் 4–3 என முன்னிலை. கடைசி ஆளின் மூன்றாவது ஸ்டிரைக்கும் விழுந்துவிட்டது. விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னே நிற்கும் கேட்சர் மிக்கி ஓவன் பந்தைத் தவறவிட்டார். முடிந்துபோக வேண்டிய ஆட்டம் தொடர்ந்தது. யாங்கீஸ் நான்கு ரன் சேர்த்து 7–4 என வென்றது. இத்தகைய தோல்வியைப் புள்ளிவிவரப் பட்டியல் ஒரு வரியில் முடித்துவிடும். தொடர்ந்து வரும் ஒரு கதாபாத்திரம் கைவசம் இருந்த ஓவியருக்கு, அந்த வரி நீண்ட கதையின் அடுத்த அத்தியாயம்.

மல்லினின் மற்ற உருவங்களும் இதே முறையில் பிறந்தவை. 1942இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், பருவத்தின் பெரும்பகுதி முன்னிலையில் இருந்த டாட்ஜர்ஸை 106 வெற்றிக்கு 104 என்று முந்தியது. ஓட்டத்துக்குப் பேர்பெற்ற அந்த அணியை மிசிசிப்பி நீராவிப் படகுகளில் சீட்டாடிப் பிழைக்கும் சாமர்த்தியசாலியாக மல்லின் வரைந்தார். 'ஸ்விஃப்டி' என்ற அந்தப் பாத்திரத்தின் பெயர் அணிக்கே செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. அணியின் குணத்தைப் பார்த்து ஓவியர் வரைந்தார். வரைந்ததைப் பார்த்து மக்கள் அணியை அழைத்தார்கள்.

1955 அக்டோபர் 4 அன்று டாட்ஜர்ஸ் கடைசியில் யாங்கீஸை வென்றது. மறுநாள் டெய்லி நியூஸ் முதல் பக்கத்தில், யாரடா நாடோடி என்று கேட்கும் தலைப்போடு, வாய்விட்டுச் சிரிக்கும் முகம் ஒன்று வெளியானது. அந்தப் பக்கம் இன்றுவரை சுவரொட்டியாக அச்சாகிறது. அதை மல்லின் வரைந்ததாகப் பலர் நம்புகிறார்கள். அது டெய்லி நியூஸ் ஓவியர் லியோ ஓ'மீலியாவின் படம். இந்தக் குழப்பமே ஒரு சான்று. போட்டிப் பத்திரிகை ஒன்று இன்னொரு பத்திரிகை ஓவியரின் கற்பனையை முதல் பக்கத்தில் எடுத்தாண்டது என்றால், 18 ஆண்டுகளில் அந்த உருவம் நகரத்தின் பொதுச்சொத்தாகிவிட்டிருந்தது. அணி நிர்வாகமும் 1950களில் தன் ஆண்டு மலர்களின் அட்டைக்கு மல்லினையே வரையவைத்தது.

புகைப்படம் காரணமா?

புகைப்படம் ஓவியரை அகற்றியது என்னும் கருத்துக்குக் காலவரிசை இடம் தரவில்லை. கம்பி வழியே புகைப்படம் அனுப்பும் சேவையை அசோசியேட்டட் பிரஸ் 1935 ஜனவரி 1 அன்று தொடங்கியது. மல்லின் நியூயார்க் வந்த மறுஆண்டு அது. அவருடைய செழிப்பான 30 ஆண்டுகளும் செய்திப் புகைப்படத்தின் செழிப்பான ஆண்டுகளே. ஓ'மீலியா வரைந்த டெய்லி நியூஸ், 1919இல் தொடங்கியது முதல் தன்னைப் படப் பத்திரிகை என்று விளம்பரப்படுத்திக்கொண்டு முதல் பக்கத்தைப் புகைப்படத்துக்கே ஒதுக்கிய இதழ். புகைப்படத்தை முழுமையாகத் தழுவிய பத்திரிகையே கார்ட்டூனிஸ்டை மிக நீண்ட காலம் வைத்திருந்தது என்பதை அந்த விளக்கம் கணக்கில் எடுக்கவில்லை.

அச்சுத் தொழில்நுட்பத்தின் பங்கை மறுக்க முடியாது. மலிவான செய்தித்தாளில், நிழலைப் புள்ளிகளாக்கும் ஹாஃப்டோன் பிளாக்கில் அச்சான புகைப்படம் சாம்பல் படலமாக மங்கிவிடும். மைக்கோட்டை அப்படியே ஏற்கும் லைன் பிளாக்கில் கார்ட்டூன் பளிச்சென்று விழும். சொரசொரப்பான பலகையில் மெழுகுக் கிரேயானைத் தேய்த்தால் மேடுகளில் மட்டும் கறுப்பு ஒட்டும். ஹாஃப்டோன் இல்லாமலே நிழல் கிடைத்துவிடும். விளையாட்டு ஓவியர்கள் இந்த உத்தியை நிறையப் பயன்படுத்தினார்கள். ஆரம்பகாலப் படக்கருவிகளால் பிடிக்க முடியாத வேகத்தையும் ஓவியர் காட்டினார். இந்தச் சாதகங்கள் 1940களுக்குள் குறைந்துவிட்டன. ஓவியரின் இடமோ குறையவில்லை. அவர் பக்கத்தில் இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது.

மாலை இதழின் தேவை

அந்தக் காரணம் பத்திரிகையின் நேர அட்டவணையில் இருக்கிறது. 1930கள்வரை முதல்நிலை பேஸ்பால் ஆட்டங்கள் பகலில் நடந்தன. மின்விளக்கில் முதல் ஆட்டம் 1935 மே மாதம் சின்சினாட்டியில்தான் நடந்தது. பிற்பகலில் தொடங்கிய ஆட்டம் அந்திக்குள் முடியும். முழு விவரமும் மறுநாள் காலை இதழில் வந்துவிடும். அதே நாள் நண்பகலுக்குப் பின் கடைக்கு வரும் மாலை இதழிடம் முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல முடிவு எதுவும் மிச்சமில்லை. வாசகருக்கு எல்லாம் தெரியும். அலுவலகம் விட்டுச் சுரங்க ரயிலில் வீடு திரும்பும் அந்த வாசகரை நிறுத்த மாலை இதழுக்குப் பார்வை தேவைப்பட்டது. கிண்டலும் ஊகமும் ஒரு கோணமும் தேவைப்பட்டன. பத்தி எழுத்தாளர்கள் இதைச் சொல்லால் செய்தார்கள், கார்ட்டூனிஸ்ட் கோட்டால் செய்தார்.

ஆகவே மல்லினின் படத்தைச் செய்திப் படமாகப் படிப்பது தவறு. அது ஒரு தலையங்கம். ஆட்டத்தின் முடிவை வாசகர் அறிந்திருப்பார் என்ற அனுமானத்தின்மேல்தான் அது எழுகிறது. கோல்ட்பர்க் முதல் எட்கிரன் வரை முன்னோடிகள் பெரும்பாலும் மாலை இதழ்களில் இருந்ததற்கும் இதுவே காரணம். செயின்ட் லூயிஸ் நகரில் அரைநூற்றாண்டு வரைந்த அமடி வோல்ஷ்லேகர் இருந்த போஸ்ட்-டிஸ்பேட்ச் அவர் காலத்தில் மாலை இதழ். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கால்பந்து அணிகளை உருவகித்து, 1954 முதல் கோப்பை வென்ற அணிக்குச் சுவரொட்டி வரைந்த வெக் என்னும் வில்லியம் எல்லிஸ் கிரீனின் ஹெரால்டும் மாலை இதழே. லண்டனில் ராய் அல்லியெட் மாலை இதழான ஸ்டாரில் வளர்ந்து 1953இல் டெய்லி எக்ஸ்பிரஸுக்குப் போனார்.

எதிர்ச்சான்றும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் பெரும்புகழ் பெற்ற டாம் வெப்ஸ்டர் காலை இதழான டெய்லி மெயிலில் வரைந்தார். கால்கள் பின்னிக்கொண்டதால் தோற்றதாக அவர் வரைந்த டிஷி என்ற குதிரை நாடறிந்த பாத்திரமானது. எனவே மாலை இதழ் இந்தக் கலைக்கு ஒரே வீடு என்று சொல்வது மிகை. அதன் இயல்பான வீடு என்று சொல்லலாம்.

உருவகத்தின் கொடுமை

ஒரு நகரத்தையோ அணியையோ ஒரே ஆளாகச் சுருக்கும் முறைக்கு மறுபக்கம் உண்டு. மல்லின் மீதான பாராட்டுரைகள் இதை எளிதில் கடந்துவிடுகின்றன. கறுப்பினத்தவரான உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸை வீழ்த்தியபோது, அதற்கு முன்னும் பின்னும் விளையாட்டுப் பக்கங்கள் ஜான்சனை வரைந்த விதம் வெளிப்படையான இன இழிவு. பூர்வகுடியினரின் பெயரைச் சூடிய அணிகளை இறகும் கோடரியுமாக வரைவது எல்லா நகரங்களிலும் அன்றாட வழக்கமாக இருந்தது. வாசகர் ஒரு நொடியில் அடையாளம் காண வேண்டும் என்ற தொழில் நெருக்கடி, வாசகர் மனத்தில் ஏற்கெனவே படிந்திருக்கும் அச்சையே ஓவியரை நாடவைக்கிறது. நாடோடி உருவம் இனிமையானதற்குக் காரணம், அதை அணியின் சொந்த மக்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்டதுதான். கிளீவ்லாந்து அணியின் சின்னமாக 1940களில் வந்த பூர்வகுடிக் கேலி முகத்துக்கு அப்படி ஓர் ஒப்புதல் இல்லை. சீருடையிலிருந்து அது அகல 2018 பருவம் முடிய வேண்டியிருந்தது. அணியின் பெயர் மாற 2021ஆம் ஆண்டுப் பருவமும் முடிய வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே கலையின் விளைவுகளாக வைத்துப் பார்ப்பதே நேர்மை.

மறைவு

1957 செப்டம்பர் 24 அன்று புரூக்ளினின் எப்பெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் டாட்ஜர்ஸின் கடைசி ஆட்டத்தை 6,702 பேர் பார்த்தார்கள். அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. அதே பருவத்தோடு நியூயார்க்கின் ஜயண்ட்ஸ் அணியும் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனது. மல்லின் நாடோடிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி ஹாலிவுட் உடுப்பு உடுத்திப் பார்த்தார். உருவம் வந்தது, உறவு வரவில்லை. நியூயார்க் வாசகருக்கு அது இப்போது அடுத்த ஊர்க்காரன். லாஸ் ஏஞ்சலஸ் வாசகருக்கோ புரூக்ளின் தெருக்களின் நினைவு கிடையாது. 1962இல் நியூயார்க்கில் மெட்ஸ் அணி உருவானபோது அதைச் சிறு பையனாக வரைந்து மீண்டும் தொடங்கினார். இந்தக் கலை உள்ளூர்ப் பிணைப்பை நம்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. பல நூறு இதழ்களுக்கு ஒரே படத்தை விற்ற சிண்டிகேட் ஓவியர்களால் நாடோடி போன்ற பாத்திரத்தை வளர்க்க முடியாததும் இதனால்தான். அந்த வகையில் திறமைசாலியான மரே ஓல்டர்மன் பெரும்பாலும் தனி வீரர்களின் உருவப்படங்களையே நம்பினார்.

தொலைக்காட்சியின் பங்கு உண்மையானது, ஆனால் மறைமுகமானது. அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி இருந்தவை 1950இல் சுமார் 9 விழுக்காடு. 1960இல் சுமார் 87 விழுக்காடு. வீடு திரும்பியவரின் மாலைப்பொழுதை அது எடுத்துக்கொண்டது. அவர் பெருநகரின் புறத்தே குடியேறிக் காரில் பயணம் செய்யத் தொடங்கியபோது ரயில் வாசிப்பும் போனது. தேசியக் கணக்கு மட்டும் பார்த்தால் இந்த வீழ்ச்சி தெரியாது. நாட்டில் மாலை நாளிதழ்கள் 1950இல் 1,450, 1980இலும் 1,388. சிற்றூர் மாலை இதழ்கள் இந்தக் கணக்கைத் தாங்கின. அவற்றுக்குச் சம்பள ஓவியரை வைக்கும் வசதி கிடையாது. வசதியிருந்த பெருநகர மாலை இதழ்கள் முதலில் சரிந்தன. 1962–63இன் 114 நாள் வேலைநிறுத்தம் நியூயார்க் இதழ்களை உலுக்கியது. 1966இல் வேர்ல்ட்-டெலிகிராம் அண்ட் சன், ஜர்னல்-அமெரிக்கன், ஹெரால்ட் டிரிபியூன் மூன்றும் ஒன்றாக்கப்பட்டன. அந்தக் கலப்பு இதழ் 1967 மே 5 அன்று மூடப்பட்டது. நகரில் எஞ்சிய பெரிய மாலை இதழ் நியூயார்க் போஸ்ட் ஒன்றே. மல்லினின் கை தளராதபோதே அவருடைய பக்கம் போய்விட்டது.

டெய்லி நியூஸில் பில் கேலோவின் வாழ்க்கை இந்த முடிவைச் சரிபார்க்க உதவுகிறது. 1941இல் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, போருக்குச் சென்று திரும்பி, 1960இல் ஓ'மீலியாவின் மறைவுக்குப் பின் அவர் இடத்துக்கு வந்தவர் கேலோ. மெட்ஸின் ஏழை ரசிகை பெர்த்தா, யாங்கீஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னரைப் பழைய ஜெர்மன் தளபதியாக்கிய பாத்திரம் என மல்லினின் வழியிலேயே உருவங்களைப் படைத்து 2011இல் இறக்கும்வரை வரைந்தார். புகைப்படமும் தொலைக்காட்சியும் இணையமும் அவருக்கும் இருந்தன. அவரை நிலைநிறுத்தியவை இரண்டு: சம்பளம் கொடுத்து அந்த இடத்தைக் காத்த ஒரு நிறுவனம், ஊர்ப் பேச்சை மறக்காத ஒரு வாசகர் கூட்டம். மல்லினுக்கு இரண்டாவது பாதியாகக் குறைந்தது, முதலாவது மூடப்பட்டது.

எஞ்சியிருக்கும் சான்றுகள்

மல்லினின் பேஸ்பால் படங்களை 1934–1972 காலவரிசையில் தொகுத்து 2013இல் ஃபேண்டகிராஃபிக்ஸ் பதிப்பகம் நூலாக வெளியிட்டது. அவருடைய கோட்டின் வலிமையை மதிப்பிட அந்தத் தொகுப்பு போதும். பணிவாழ்க்கையை மதிப்பிடப் போதாது. அவர் வரைந்த குத்துச்சண்டை, குதிரைப் பந்தயம், அமெரிக்கக் கால்பந்து ஆகியவை அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பக்கத்திலிருந்து வெட்டியெடுத்த படம், அதே நாளின் பத்தியையும் ஆட்டப் புள்ளிப் பட்டியலையும் இழந்துவிடுகிறது. முந்தைய நாள் முடிவை வாசகர் அறிந்திருப்பார் என்று நம்பி வரையப்பட்ட படத்தை அந்த முடிவு தெரியாமல் பார்க்கும்போது, எஞ்சுவது அழகான உடலசைவு மட்டுமே. வாதம் கண்ணில் படுவதில்லை. வேர்ல்ட்-டெலிகிராமின் நுண்படச் சுருள்களில் ஒவ்வொரு படத்தையும் அதன் முழுப் பக்கத்தோடும், அதே நாள் காலை இதழ்களோடும் பொருத்திப் படிக்கும் ஆய்வுதான் இனி தேவைப்படுவது.